காரின் ஓபிடி டேட்டாவைப் படிப்பது: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை கார் துடைக்கிற நேரத்தில், யாராவது ஒருவர் போனை நீட்டி "இது என்ன கோடுன்னு பாருங்களேன்" என்பார். ஆபீஸிலும் அப்படித்தான், ஓசூர், சேலம் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் போனிலும் அப்படித்தான். நான் மெக்கானிக் இல்லை. என் சொந்த பெட்ரோல் காரின் டேட்டாவைப் பல வருடமாகப் படித்து, குறித்து வைத்துப் பழகியவன். வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

ஓபிடின்னா என்ன அண்ணா? என் காருக்கு இருக்கா?

எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டருக்கு இசியூ என்று பெயர். புகை அதிகமாகும்படி ஏதாவது பிசகினால் அது கண்டுபிடித்து, ஒரு கோடாக (அந்தப் பிசகுக்கான அடையாள எண்ணாக) பதிந்து, டேஷ்போர்டில் எஞ்சின் லைட்டை எரிய விடும். அந்தக் கோடையும் சென்சார்களின் அளவுகளையும் வெளியிலிருந்து படிக்கப் பொதுவான ஒரு முறை வேண்டும் என்று வந்ததுதான் ஓபிடி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி 2 கட்டாயம். இங்கே பிஎஸ்4 என்ற புகை விதியின் காலத்தில், 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன.

ஆகவே 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல், டீசல் கார் என்றால், காரின் ஓபிடி போர்ட்டில் மாட்டி டேட்டாவைப் போனுக்கு அனுப்பும் அடாப்டரைத் தைரியமாக வாங்கலாம். அதற்கு முந்தைய வண்டி என்றால், நண்பரிடம் ஒரு அடாப்டர் கடன் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகு காசு செலவழியுங்கள்.

போர்ட் எங்க இருக்குன்னே தெரியல. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு.

சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து தரையில் மண்டியிட்டு, போன் டார்ச்சை ஸ்டியரிங்குக்குக் கீழே மேல்நோக்கி அடியுங்கள். இரண்டு வரிசையில் எட்டெட்டாகப் பதினாறு துளை, மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் குறுகியும் ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் தெரியும். சில வண்டிகளில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்ளே ஒளிந்திருக்கும்.

இரண்டு பின்களை மட்டும் நினைவில் வையுங்கள். 16-ஆவது பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் நேராக வருகிறது, 4-ஆவது பின் எர்த். சாவியை எடுத்த பிறகும் அந்த 12 வோல்ட் இருக்கும். இது பின்னால் ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

400 ரூபாய்க்கும் அடாப்டர் இருக்கு, 4000 ரூபாய்க்கும் இருக்கு. எதை வாங்க?

சின்ன அடாப்டர்கள் பெரும்பாலும் ஈஎல்எம்327 என்ற சிப்பை வைத்தோ, அதன் நகலை வைத்தோ செய்தவை. கனடாவில் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய சிப் அது. பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் கண்ணாடி அலமாரியில் நீல நிறத்தில் அடுக்கி வைத்திருப்பது எல்லாம் நகல்தான். நகல் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். எஞ்சின் லைட் ஏன் எரிகிறது என்று பார்க்க அதுவே போதும்.

நகலில் இரண்டு குறைகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய வண்டிகள் பேசும் கே-லைன் என்ற வழிக்கான பாகத்தையே சிலவற்றில் வைப்பதில்லை. அதனால் 2012, 2013 வண்டியில் "கனெக்ட் ஆகல" என்று வரும், புது வண்டியில் அதே அடாப்டர் ஓடும். இன்னொன்று, மேலே ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்காது. தினமும் டேட்டா பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் கூடுதல் விலையில் நல்லதாகவே வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது பிஎல்ஈ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை ப்ளூடூத்) வகை வாங்க வேண்டும். பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் ஆண்ட்ராய்டோடுதான் பேசும்.

மாட்டிட்டேன், லைட்டும் எரியுது. ஆனா போன்ல கனெக்ட் ஆக மாட்டேங்குது.

முதலில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினீர்களா என்று பாருங்கள். அடாப்டருக்கு மேலே சொன்ன 16-ஆவது பின்னிலிருந்து மின்சாரம் வந்துவிடும், அதனால் அதன் லைட் எப்போதும் எரியும். ஆனால் இசியூ விழித்தால்தான் பதில் வரும்.

சாதாரண ப்ளூடூத் என்றால் போன் செட்டிங்ஸில் ஜோடி சேர்க்க வேண்டும், எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. பிஎல்ஈ என்றால் செட்டிங்ஸில் தொடாதீர்கள், ஆப்புக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். வைஃபை என்றால் ஆப்பில் 192.168.0.10 என்ற முகவரியும் 35000 என்ற போர்ட்டும் இருக்கிறதா பாருங்கள், மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். டார்க், கார் ஸ்கேனர், ஓபிடி ஃப்யூஷன் என்று பல ஆப் இருக்கின்றன. ஒன்றில் வராவிட்டால் இன்னொன்றில் முயன்ற பிறகு அடாப்டரைத் திட்டலாம்.

இதை மாட்டினா வண்டிக்கு ஏதாவது ஆகிடுமா?

படிப்பதால் ஆகாது. ஆப் ஒரு கேள்வி கேட்கிறது, இசியூ பதில் சொல்கிறது, அவ்வளவுதான். எழுதுவது, அதாவது செட்டிங் மாற்றுவது, கோடிங் செய்வது வேறு கதை. அந்தப் பக்கம் ஆரம்பத்தில் போக வேண்டாம். வண்டி வாரன்டியில் இருந்தால் சர்வீஸுக்கு விடும் முன் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், வீண் பேச்சு மிச்சம்.

மாட்டியே விட்டுவிடுவதுதான் தவறு. அடாப்டர் 50 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 12. சின்ன காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், பழைய பேட்டரி என்றால் ஸ்டார்ட் ஆகாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இதுதான் நடந்தது. அப்புறம், எண் 1234 என்று உலகத்துக்கே தெரிந்த அடாப்டரை ரோட்டோரம் நிறுத்திய காரில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எஞ்சின் லைட் எரியுது, ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது. ஓட்டலாமா?

லைட் நிலையாக எரிந்தால், சூடு முள் சரியாக இருந்தால், ஆயில் லைட் எரியாவிட்டால், வீடு வரை ஓட்டலாம், அந்த வாரத்துக்குள் பார்த்துவிடலாம். லைட் விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது, கன்வெர்ட்டர் கெடப் போகிறது என்று வண்டி எச்சரிக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். கன்வெர்ட்டர் விலையோடு பார்த்தால் டோயிங் செலவு சின்னது.

பி0171ன்னு காட்டுது சார். எந்த பார்ட்டை மாத்தணும்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கோடு என்பது வண்டி சொல்லும் புகார். எந்த பார்ட் கெட்டது என்று அது சொல்வதில்லை. முதல் எழுத்து பி (ஆங்கில P) என்றால் எஞ்சின், கியர் சம்பந்தம். சேசிஸ், பாடி, வண்டிக்குள் கம்ப்யூட்டர்கள் பேசும் நெட்வொர்க் ஆகியவற்றுக்கு வேறு எழுத்துகள். அடுத்து 0 வந்தால் எல்லா கம்பெனிக்கும் ஒரே அர்த்தம், 1 வந்தால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. பி0171 சொல்வது இதைத்தான்: "எஞ்சினுக்குள் பெட்ரோலுக்கு வேண்டிய அளவை விடக் காற்று அதிகமாக இருக்கிறது, நான் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை." காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழையலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சார் பொய் சொல்லலாம்.

என் காருக்கே இந்தக் கோடு வந்தது. ஓரிடத்தில் கோடைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டார்கள். நான்கு நாளில் லைட் திரும்ப வந்தது. அப்போதுதான் ஃப்யூல் ட்ரிம் என்ற அளவைப் பார்க்கக் கற்றேன். இசியூ தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே ட்ரிம். உடனடிச் சரிக்கட்டலுக்கு ஒன்று, பழகிப்போன சரிக்கட்டலுக்கு ஒன்று என இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) கூட்டுத்தொகை +18, ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +4.

இந்த வித்தியாசம்தான் துப்பு. சின்ன ஓட்டை வழியாக நுழையும் காற்று, எஞ்சின் கொஞ்சமாக மூச்சு விடும் ஐடிலில் பெரிய பங்கு, நிறைய மூச்சு விடும்போது சின்னப் பங்கு. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் நேர்மாறாக, மிதிக்க மிதிக்க எண் ஏறியிருக்கும். வில்சன் கார்டனில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டினேன். பானெட்டைத் திறந்து, விரலால் ஒவ்வொரு ரப்பர் குழாயாக வளைத்துக்கொண்டே போனார். இன்டேக்கில் மாட்டும் ஒரு சின்ன குழாயின் அடிப்பக்கம், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. வளைத்தபோது வாய் திறந்தது. குழாய் விலை இருநூறு ரூபாய்க்குள். முன்னால் மாற்றிய சென்சாருக்கு நான் ஆயிரக்கணக்கில் கொடுத்திருந்தேன்.

மெக்கானிக் கோடை அழிச்சிட்டார், லைட் போயிடுச்சு. சரியாயிடுச்சுதானே?

லைட் போயிருக்கிறது, கோளாறு போனதா என்று இன்னும் தெரியாது. அழிக்கும்போது கோடு மட்டும் போவதில்லை. கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, வேகம் என்ன, சூடு என்ன என்று இசியூ எடுத்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு எப்போது வந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அது. ஆகவே அழிக்கும் முன் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், கிலோமீட்டர் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நான் காருக்கென்று ஒரு நோட்டே வைத்திருக்கிறேன்.

கூடவே ரெடினஸ் மானிட்டர்களும் பூஜ்யத்துக்குப் போகும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றாக இசியூ சோதித்து முடித்தால்தான் "தயார்" என்று காட்டும். அதற்குக் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்வது, கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் ஒரே வேகம் என்று சில நாள் ஓட்டம் வேண்டும். பெங்களூர் டிராஃபிக்கில் அந்த ஒரே வேகம்தான் கிடைக்காது. காலை ஆறு மணிக்கு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஒரு தடவை போய் வந்தால் என் வண்டியில் வேலை முடிகிறது. எல்லாம் "தயார்" ஆன பிறகும் கோடு திரும்பவில்லை என்றால்தான் சரியாயிற்று என்பேன். கோளாறு உண்மையில் போய்விட்டால், அடுத்தடுத்து மூன்று ஓட்டத்தில் தவறு தென்படாதபோது லைட் தானாகவே அணையும். அழித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

லைவ் டேட்டான்னு நூறு நம்பர் ஓடுது. எதைப் பார்க்க?

சூடு, வோல்டேஜ், ட்ரிம், முன் ஆக்சிஜன் சென்சார். ஆரம்பத்தில் இவை போதும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது கூலன்ட் சூடு ஏறி, ஃபேன் ஓடத் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் எந்த எண்களுக்கு நடுவில் என்று வண்டி நன்றாக இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு முள் பல வண்டிகளில் நடுவிலேயே நின்றுவிடும், எண் அப்படி நிற்காது. நெடுஞ்சாலையில் சூடு எழுபதைத் தாண்டவே மாட்டேன் என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரி, எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8 முதல் 14.5. புதிய வண்டிகள் சிலவற்றில் மைலேஜுக்காக ஆல்டர்னேட்டரை வேண்டுமென்றே தளர்த்துவார்கள், ஓடும்போது எண் இறங்கினால் உடனே பயப்பட வேண்டாம். சாதாரண வகை முன் ஆக்சிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாட வேண்டும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளது ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் பி0420 வரப்போகிறது, கன்வெர்ட்டர் தளர்கிறது.

தங்கச்சி சென்னைல இதே கார் ஓட்றா. அவளுக்கு மேப் 101 காட்டுது, எனக்கு 91தான். என் சென்சார் போச்சா?

இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. சாவி ஆன், எஞ்சின் ஆஃப் என்ற நிலையில் மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் கிலோபாஸ்கலில் காட்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே 91-தான் சரியான எண். இங்கே 101 காட்டினால்தான் சென்சாரைச் சந்தேகப்பட வேண்டும்.

சென்னைக்குப் போகும்போது ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் சாவியை மட்டும் ஆன் செய்து குறித்துக்கொண்டே போங்கள். வேலூரில் 98, 99 வந்துவிடும், கடற்கரையில் 101. "கீழே இறங்கினா வண்டி நல்லா இழுக்குது" என்று சொல்கிறோமே, டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது உண்மை. ஒவ்வொரு மூச்சிலும் பத்து சதவீதத்துக்குக் கிட்டக் கூடுதல் காற்று கிடைக்கிறது.

ஆப் காட்டற மைலேஜும் பங்க்ல டேங்க் ஃபுல் பண்ணிப் பாக்கறதும் ஒத்துப்போகல.

ஒத்துப்போகாது. பல ஆப்கள் பெட்ரோலை நேராக அளப்பதில்லை, காற்றை வைத்துக் கணக்குப் போடுகின்றன. நொடிக்கு 10 கிராம் காற்று போகிறது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று வகுத்தால் 0.68 கிராம் பெட்ரோல். மணிக்கு ஏறக்குறைய 3.3 லிட்டர். ஆனால் இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதற்கு விகிதம் 13.5 பக்கம். ஆப் 14.7 என்றே வைத்திருந்தால் எட்டு சதவீதத்துக்கு மேல் பிசகும். டேங்க் முதல் டேங்க் வரை பார்ப்பதை நம்புங்கள்.

இதே காரணத்தால் 10 சதவீத எத்தனாலுக்கு அளவெடுத்த வண்டியில் ட்ரிம் கணக்குப்படி நான்கு சதவீதம் மேலே போகும். பி0171 கேள்வியில் சொன்ன +4 என்ற எண்ணைப் பார்த்து நான் கவலைப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செகண்ட்ஹேண்ட் கார் பாக்கப் போறேன். அடாப்டர் எடுத்துட்டுப் போகவா மாமா?

கட்டாயம் எடுத்துப் போ. கோடு இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு அளவு பெரும்பாலான வண்டிகளில் கிடைக்கும். விற்பவர் "லைட்டே எரிஞ்சதில்ல" என்கிறார், அந்த எண் 6 கிலோமீட்டர் காட்டுகிறது என்றால், காலையில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். ரெடினஸ் மானிட்டர்களும் "தயார் இல்லை" என்றே இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில வண்டிகளில் இப்படி ஆகும் என்பதால் சண்டைக்குப் போகாமல் ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வா. ஓடோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதை இந்தச் சாதாரண அடாப்டரால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் சர்வீஸ் பில்கள்தான்.

ஏர்பேக் லைட், ஏபிஎஸ் லைட் எரியுது. இதுல ஏன் வரல?

பொதுவான ஓபிடி புகை சம்பந்தப்பட்டதற்கு மட்டும்தான். மற்றவற்றைக் கம்பெனி ஒவ்வொன்றும் தன் மொழியில் வைத்திருக்கிறது. உங்கள் வண்டிக்கென்று தனியாக ஆதரவு உள்ள ஆப்போ, மெக்கானிக்கின் பெரிய ஸ்கேனரோ வேண்டும். எலெக்ட்ரிக் கார்களிலும் இதே நிலைதான்.

பைக்ல படிக்கலாமா?

பிஎஸ்6 பைக்குகள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் சிவப்பு நிற ஆறு பின் கனெக்டர் இருக்கும். ஆறு பின்னிலிருந்து பதினாறு பின்னுக்கு மாற்றும் வயர் வாங்கினால் அதே அடாப்டர் போதும். ஆனால் எல்லா பைக்கும் ஆப்போடு பேசுவதில்லை.

ஆப் வேண்டாம், நானே ப்ரோக்ராம் எழுதிப் படிக்கணும். எங்க ஆரம்பிக்க?

ப்ளூடூத் டெர்மினல் ஒன்றில் கையால் தட்டிப் பாருங்கள். 010சி (010C) என்று அனுப்பினால் ஆர்பிஎம் கேட்கிறீர்கள்: 01 என்பது இப்போதைய அளவு, 0சி என்பது ஆர்பிஎம். என் வண்டி ஐடிலில் தந்த ஒரு பதில் 41 0சி 0சி 1சி. 41 என்றால் 01-க்கான பதில், அடுத்தது கேட்ட பொருள், கடைசி இரண்டும் விடை. பதினாறடிமான எண்ணில் 0சி என்பது 12, 1சி என்பது 28. பன்னிரண்டை 256-ஆல் பெருக்கி 28-ஐக் கூட்டினால் 3100, நான்கால் வகுத்தால் 775. கூலன்ட் சூடு இதைவிடச் சுலபம்: 0105 அனுப்பி, வரும் எண்ணில் 40-ஐக் கழிக்க வேண்டும். 7பி (7B) வந்தால் 123, அதாவது 83 டிகிரி. இதைக் கையால் ஒரு தடவை செய்துவிட்டு அப்புறம் பைத்தானுக்குப் போங்கள், அதில் தயார் லைப்ரரி இருக்கிறது.

03 சேமித்த கோடுகளையும் 0902 சேசிஸ் நம்பரையும் தரும். 04 மட்டும் அழிக்கும் கட்டளை. தெரியாமல் தட்டினால் மேலே சொன்ன ஃப்ரீஸ் ஃப்ரேம் எல்லாம் போகும், ஆகவே ப்ரோக்ராமில் அதை எழுதவே எழுதாதீர்கள்.

கேட்டுப் பதில் வாங்காம, கேன் பஸ்ஸை நேரா ஒட்டுக் கேட்டா என்ன?

வண்டிக்குள் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்தான் கேன் பஸ். கேட்கலாம், வாய் திறக்காமல். 6-ஆவது பின்னும் 14-ஆவது பின்னும் கேன் வயர்கள். பல வண்டிகளில் நொடிக்கு 500 கிலோபிட். புதிய வண்டிகளில் போர்ட்டுக்கு முன்னால் கேட்வே ஒன்று நின்று உள்பேச்சை வெளியே விடாது, அப்போது மௌனம்தான் கிடைக்கும். பேச்சு கிடைக்கும் வண்டியில், நிறுத்தி வைத்த நிலையில் பதிவு செய்துகொண்டே பிரேக்கைப் பத்து தடவை மிதியுங்கள். எந்த பிட் பத்து தடவை மாறியதோ அதுதான் பிரேக். கேன் பேச்சைப் படிக்க நீங்கள் மாட்டும் சின்ன சர்க்யூட் போர்டை, கேட்க மட்டும் செய்யும் முறையில் வையுங்கள். ஓடும் வண்டியின் பஸ்ஸில் எதையும் அனுப்பக் கூடாது, அதே வயரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேசிக்கொண்டிருக்கலாம்.

எஸ்பி ரோட்டில் வாங்கும் சின்ன கேன் போர்டுகளில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஏற்கெனவே பொருத்தியிருக்கும். காரில் பஸ்ஸின் இரண்டு முனையிலும் அது இருக்கிறது, மூன்றாவது வேண்டாம். சாவியை எடுத்து, வண்டி தூங்கப் போன பிறகு 6-க்கும் 14-க்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். உங்கள் போர்டை மாட்டியதும் அது 40-க்கு இறங்கினால், போர்டில் அந்த ரெசிஸ்டரை இணைக்கும் ஜம்பரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து, 60 வந்த பிறகு சாவியைப் போடுங்கள்.